ருஃபைதா: அரிதான ஒரு பெயரின் வேரும் பொருளும்

தரம் ஒன்றில் புதிய பிள்ளைகள் சேரும்போது வரவுப் பதிவேட்டில் பெயர் எழுதும் வேலை வகுப்பாசிரியருக்கு உரியது. இருபது வருடங்களுக்கு மேலாக நான் எழுதிய பதிவேடுகளில் ஆயிஷா, மர்யம், ஸைனப், ஹப்ஸா, ஸுமையா ஆகிய பெயர்களுக்குக் குறைவே இல்லை. பாத்திமாவைச் சொல்லவே வேண்டாம். ருஃபைதா என்ற பெயரையோ விரல் விட்டு எண்ணும் தடவைகள்தான் எழுதியிருக்கிறேன். அந்தச் சில பிள்ளைகளின் பெற்றோரிடம் பெயரின் அர்த்தத்தைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "உதவி செய்றவள்" என்றார் ஒரு வாப்பா. "அழகானவள் என்டு நெட்டில இருந்திச்சு" என்றார் ஓர் உம்மா. "ஒரு ஸஹாபிப் பெண்ணுட பேர் என்டு மட்டும் தெரியும் டீச்சர்" என்றார் இன்னொருவர்.

முதலாமவரும் மூன்றாமவரும் சொன்னவை சரி. இரண்டாமவர் சொன்னதற்கு அரபு அகராதியில் ஆதாரம் இல்லை. பெண் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் போடும் இணையத்தளங்கள் பலவற்றில் அர்த்தம் தெரியாத பெயர்களுக்கெல்லாம் "அழகானவள்", "மலர்", "நிலவு" என்று எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. ருஃபைதாவுக்கும் அதுவே நடந்திருக்கிறது. அழகு நல்ல விடயம்தான். ஆனால் இந்தப் பெயரின் வேரில் இருப்பது வேறொன்று. அதைத் தெரிந்துகொண்டு பெயர் வைத்தால் பிள்ளைக்கும் நல்லது, பெற்றோருக்கும் நல்லது என்ற எண்ணத்தில்தான் இதனை எழுதுகிறேன்.

றா, ஃபா, தால்

அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று எழுத்து வேரிலிருந்து பிறப்பவை. ருஃபைதாவின் வேர் றா, ஃபா, தால் ஆகிய மூன்றும். இந்த வேரின் அடிப்படைக் கருத்து கொடுத்தல், தாங்குதல், துணை நிற்றல் என்பதாகும். "ரஃபத" என்றால் கொடுத்தான், உதவினான், தாங்கினான். "ரிஃப்த்" என்றால் கொடை, உதவி.

ஒரு வேரின் பொருளை விளங்கிக்கொள்ள அதன் ஏனைய பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 711 இல் வபாத்தான இப்னு மன்ஸூர் தொகுத்த லிஸானுல் அரப் என்ற பேரகராதியில் இந்த வேரின் கீழ் பல சொற்கள் உள்ளன. அவற்றில் சில நமது விளக்கத்துக்கு மிகவும் உதவுபவை.

பால் கறக்கும் பெரிய பாத்திரத்துக்கு "ரஃப்த்" என்று பெயர். ஒரே கறவையில் அந்தப் பெரிய பாத்திரத்தை நிரப்பிவிடும் பெண் ஒட்டகத்தை அரபிகள் "ரஃபூத்" என்பார்கள். பாலைவனத்தில் ஒரு குடும்பத்தின் பசியை ஆற்றும் ஒட்டகத்துக்கு இந்த வேரிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒட்டகத்தின் அல்லது குதிரையின் சேணத்துக்குக் கீழே முண்டுகொடுக்க வைக்கும் துணித் திண்டை "ரிஃபாதா" என்பார்கள். காயத்தின் மேல் வைத்துக் கட்டும் துணிக்கும் அதே பெயர்தான். சேணம் அழுத்தாமல் தாங்குவதும், காயம் திறக்காமல் தாங்குவதும் அரபியின் பார்வையில் ஒரே வேலையாகப்பட்டிருக்கிறது. இந்தச் சொல்லை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளட்டும். பின்னர் தேவைப்படும்.

பெரிய ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கும் துணையாற்றை "ராஃபித்" என்பார்கள். நமது மகாவலிக்கு அம்பன் கங்கை ஒரு ராஃபித். தைகிரிஸ், யூப்பிரட்டீஸ் ஆகிய இரு நதிகளையும் சேர்த்து "ராஃபிதைன்", அதாவது இரு ராஃபித்கள் என்று அழைப்பது அரபு வழக்கு. அதனால் ஈராக்குக்கு "பிலாதுர் ராஃபிதைன்" என்றொரு பெயர் உண்டு. 1941 இல் நிறுவப்பட்ட ஈராக்கின் அரச வங்கிக்கும் ராஃபிதைன் வங்கி என்றே பெயர். அந்த மண்ணுக்கு உயிர் கொடுப்பவை அந்த இரு ஆறுகளும்தான்.

மக்காவின் ரிஃபாதா

ஸீரா படித்தவர்களுக்கு இந்த வேர் இன்னோர் இடத்தில் பழக்கமாகியிருக்கும். நபி (ஸல்) அவர்களின் முன்னோர்களில் ஒருவரான குஸை இப்னு கிலாப் மக்காவின் பொறுப்புகளை ஒழுங்குபடுத்தினார். கஃபாவின் திறப்பு, கொடி, ஆலோசனை மண்டபம், ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்கும் ஸிகாயா என்று அவை பலவாறு இருந்தன. அவற்றுள் ஒன்று ரிஃபாதா. குறைஷியர் ஒவ்வொருவரும் வருடாவருடம் தமது செல்வத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிக் குஸையிடம் ஒப்படைப்பார்கள். அதைக்கொண்டு ஹஜ் காலத்தில் கையில் உணவில்லாமல் வரும் யாத்திரிகர்களுக்குச் சமைத்துக் கொடுக்கப்படும். அந்தக் கூட்டு உதவிக்குத்தான் ரிஃபாதா என்று பெயர்.

பின்னாளில் இந்தப் பொறுப்பு நபியவர்களின் பூட்டனாரான ஹாஷிமிடம் வந்தது. அவருடைய இயற்பெயர் அம்ரு. பஞ்ச காலத்தில் ரொட்டியைப் பிய்த்து, நொறுக்கி, ஆணத்தில் ஊறவைத்து மக்களுக்குக் கொடுத்ததால் "நொறுக்குபவர்" என்ற பொருளில் ஹாஷிம் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. பனூ ஹாஷிம் என்று நாம் மரியாதையுடன் சொல்லும் குலப் பெயரே பசித்தவருக்கு உணவு கொடுத்த ஒரு கைவேலையிலிருந்து வந்தது.

அல்குர்ஆனில் இந்த வேர் ஸூரா ஹூதின் 99 ஆவது வசனத்தில் வருகிறது. ஃபிர்அவ்னைப் பின்பற்றியவர்களுக்குக் கிடைத்த சாபத்தைப் பற்றிய இடம் அது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அந்த "ரிஃப்த்" மிகக் கெட்டது என்று அங்கே சொல்லப்படுகிறது. இதைப் பார்த்துவிட்டு "குர்ஆனில் கெட்ட பொருளில் வந்த சொல்லாயிற்றே, பெயருக்கு ஆகுமா?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டதுண்டு. சொல்லின் பொருள் கொடை என்பதுதான். அங்கே கெட்டது என்று சொல்லப்பட்டது அவர்களுக்குக் கிடைத்த கொடை. கூலி என்ற சொல்லைக் கெட்ட கூலி என்றும் நல்ல கூலி என்றும் நாம் பயன்படுத்துவதில்லையா? அதைப் போன்றதே இது. மேலும், அடுத்து நாம் பார்க்கப்போகும் பெண்மணி நபியவர்களின் கண்முன்னே இந்தப் பெயருடன் வாழ்ந்தவர். பொருள் பொருந்தாத பெயர்களை நபியவர்கள் மாற்றியிருக்கிறார்கள். பாவம் செய்பவள் என்று பொருள்படும் ஒரு பெயரை மாற்றி ஜமீலா என்று வைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இந்தப் பெண்மணியோ ருஃபைதா என்ற பெயருடனேயே அறிவிப்புகளில் வருகிறார்.

ஏன் "ரு", ஏன் "ஃபை"?

வேர் விளங்கிவிட்டது. இனி பெயரின் வடிவம். அரபியில் ஒரு சொல்லின் முதல் எழுத்துக்கு உகரமும் இரண்டாம் எழுத்துக்கு "ஐ" ஓசையும் கொடுத்தால் அது "தஸ்ஃகீர்" எனப்படும் சிறுமை வடிவமாகும். பெயரைக் கேட்டால் கடினமாகத் தோன்றலாம். ஆனால் நமக்கு இது நன்றாகப் பழகிய ஒன்று.

ஹிர்ரா என்றால் பெண் பூனை. ஹுரைரா என்றால் பூனைக் குட்டி. அபூ ஹுரைரா (ரழி) அவர்களின் பெயரை எத்தனை தடவை கேட்டிருப்போம்! ஹஸன் என்பதன் தஸ்ஃகீர் ஹுஸைன். நமது உம்மம்மாமாரின் தலைமுறையில் ஊருக்கு ஊர் இருந்த ஸுபைதா என்ற பெயர் வெண்ணெய் எனும் பொருளுடைய ஸுப்தாவிலிருந்து வந்தது. ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதாவுக்கு அது செல்லப் பெயர்தான். பாட்டனார் கலீபா மன்ஸூர் வைத்த அந்தச் செல்லப் பெயரே இயற்பெயரை மறைத்துவிட்டது. கூபாவிலிருந்து மக்கா வரை ஹாஜிகளின் பாதையில் அவர் அமைத்த நீர்நிலைகளால் அந்தப் பாதைக்கே ஸுபைதாவின் பாதை என்று பெயராயிற்று.

தஸ்ஃகீர் சிறுமையைக் காட்டும் என்றாலும் இழிவைக் காட்டுவதற்கு மட்டும் வருவதில்லை. அன்பைக் காட்டவும் வரும். லுக்மான் (அலை) அவர்கள் தமது மகனுக்கு உபதேசம் செய்யும்போது அவரை அழைக்கும் சொல் "புனைய்ய". இப்னு என்பதன் தஸ்ஃகீர் அது. நமது ஊர்களில் வளர்ந்த மகனையும் "மகன் குட்டி" என்று அழைப்பது போல ஒரு வாஞ்சை அதில் இருக்கிறது.

ஆகவே ருஃபைதா என்பதைத் தமிழில் சொல்வதானால் "சின்னத் துணை", "அருமையான சிறு கொடை" என்று சொல்லலாம். அரபுப் பெயராக இது இஸ்லாத்துக்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருந்தது. ருஃபைதா என்று ஓர் அரபுக் குலமும் உண்டு. அவர்களை ருஃபைதாத் என்று அழைப்பார்கள் என லிஸானுல் அரப் குறிப்பிடுகிறது.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

இந்தப் பெயர் இன்று உலகெங்கும் நினைக்கப்படுவதற்குக் காரணம் மதீனாவில் வாழ்ந்த ஒரு பெண்மணி. ஹிஜ்ரி 5, அதாவது கி.பி. 627 இல் நடந்த அகழ்ப் போரில் அவ்ஸ் கோத்திரத் தலைவர் ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கையிலிருந்த இரத்த நாளத்தில் அம்பு பாய்ந்தது. இரத்தம் நிற்கவில்லை. அவரைத் தூரத்தில் இருந்த அவருடைய வீட்டுக்கு நபியவர்கள் அனுப்பவில்லை. பக்கத்தில் இருந்து நலம் விசாரிக்கும் பொருட்டு, பள்ளிவாசலில் அமைந்திருந்த ருஃபைதா என்ற பெண்ணின் கூடாரத்தில் வைக்கும்படி சொன்னார்கள் என இப்னு இஸ்ஹாக் அறிவிக்கிறார். அந்தப் பெண் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்தவர், காயப்பட்டவர்களுக்கு மருந்திடுபவர், ஆதரவற்ற முஸ்லிம்களுக்குப் பணி செய்வதில் நன்மையை நாடி இருந்தவர் என்பது அவர் தரும் அறிமுகம்.

இமாம் புஹாரி தமது அல்அதபுல் முஃப்ரத் நூலிலும் மஹ்மூத் இப்னு லபீத் (ரழி) வழியாக இந்தச் செய்தியைப் பதிவு செய்கிறார்கள். நபியவர்கள் ஸஃதைக் கடந்து செல்லும்போதெல்லாம், மாலையானால் மாலைப் பொழுது எப்படி இருக்கிறது என்றும், காலையானால் காலைப் பொழுது எப்படி இருக்கிறது என்றும் விசாரிப்பார்கள், அவரும் தமது நிலையைச் சொல்வார் என அதில் வருகிறது. ஒரு வைத்தியசாலை விடுதியில் காலையும் மாலையும் நடக்கும் விசாரிப்பைப் போலவே இருக்கிறது அல்லவா?

ஸஃத் (ரழி) அவர்கள் அந்தக் கூடாரத்திலிருந்தே பனூ குறைழா விடயத்தில் தீர்ப்புச் சொல்ல அழைத்துச் செல்லப்பட்டார்கள். திரும்பி வந்த பின்னர் காயம் மீண்டும் திறந்துகொண்டது. பள்ளிவாசலில் பனூ கிஃபார் கூட்டத்தினரின் கூடாரமும் ஒன்று இருந்தது. தங்கள் பக்கமாக இரத்தம் வழிந்து வருவதைக் கண்டு அவர்கள் திடுக்கிட்டார்கள் என்றும், அந்தக் காயத்தாலேயே ஸஃத் மரணித்தார்கள் என்றும் ஸஹீஹுல் புஹாரி கூறுகிறது.

இங்கே ஒரு விடயத்தை நான் மாணவிகளுக்கு எப்போதும் சுட்டிக்காட்டுவேன். ருஃபைதா (ரழி) அவர்களின் பராமரிப்பில் இருந்ததாக இந்த அறிவிப்புகள் பெயர் சொல்லும் நோயாளி பிழைக்கவில்லை. அவர் குணப்படுத்தினார் என்பதற்காக வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கவில்லை. காயப்பட்டவரைத் தாங்கினார் என்பதற்காக வைத்திருக்கிறது. காயத்தின் மேல் வைத்துக் கட்டும் துணிக்கு ரிஃபாதா என்று பெயர் என மேலே சொன்னேன். அவருடைய பெற்றோர் இதை எண்ணிப் பெயர் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பெயரும் வேலையும் இப்படி ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது அபூர்வம்தான்.

கூட்டாமல் குறைக்காமல்

அண்மைக் காலமாக இந்தப் பெண்மணியைப் பற்றிச் சமூக ஊடகங்களில் நிறையப் பகிரப்படுகிறது. அதில் பாதிக்கு மேல் மூல நூல்களில் இல்லாதவை. அவருடைய தந்தை பிரபலமான வைத்தியர் என்பதும், அவர் தாதியர் பாடசாலை நடத்திப் பாடத்திட்டம் வகுத்தார் என்பதும், ஒழுக்கக் கோவை எழுதினார் என்பதும் பிற்காலத்தவர் சேர்த்த அலங்காரங்கள். நான் மேலே தொகுத்துத் தந்த அறிவிப்புகளில் அவை எதுவும் இல்லை.

அறிவிப்பாளர்களிடையே சில வேறுபாடுகளும் உண்டு. இப்னு ஹஜர் தமது அல்இஸாபாவில் இவரை அன்ஸாரிப் பெண் அல்லது அஸ்லம் கோத்திரப் பெண் என்று இரு விதமாகவும் குறிப்பிடுகிறார்கள். ஹிஜ்ரி 230 இல் வபாத்தான இப்னு ஸஃத் தமது தபகாத்தில், பள்ளிவாசலில் கூடாரம் வைத்து ஸஃத் (ரழி) அவர்களுக்கு மருந்திட்டவர் அஸ்லம் கோத்திரத்துக் குஐபா பின்த் ஸஃத் என்று எழுதுகிறார். பள்ளிவாசலில் சிகிச்சைக் கூடாரம் இருந்ததும், அதை அஸ்லம் கோத்திரத்துப் பெண்ணொருவர் பொறுப்பெடுத்திருந்ததும் இரண்டு அறிவிப்புகளுக்கும் பொதுவானவை.

அவர் தனியாள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஏழு போர்களில் கலந்துகொண்டு காயப்பட்டோருக்கு மருந்திட்டதாக உம்மு அதிய்யா (ரழி) அவர்களே கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தண்ணீர் புகட்டியதையும், காயப்பட்டோரை மதீனாவுக்குக் கொண்டு சேர்த்ததையும் ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புஹாரியில் உள்ளது. ஒரு சமூகமே பெண்களின் இந்தப் பணியை ஏற்று நடந்திருக்கிறது. இன்று டில்லி ஜாமிஆ ஹம்தர்தின் தாதியர் கல்லூரிக்கு ருஃபைதாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தின் அறுவைச் சிகிச்சையாளர் றோயல் கல்லூரி பஹ்ரைனில் நடத்தும் மருத்துவப் பல்கலைக்கழகம் தாதியர் மாணவருக்கு அவர் பெயரால் பரிசு வழங்குகிறது. இவ்வளவு கௌரவத்துக்கும் மேற்சொன்ன சில வரி அறிவிப்புகளே போதுமாக இருந்தன.

எப்படி எழுதுவது?

பதிவேட்டில் இந்தப் பெயரை ருபைதா, றுபைதா, ருஃபைதா, றுஃபைதா என்று நான்கு விதமாகவும் கண்டிருக்கிறேன். தமிழில் ஃபா எழுத்து இல்லாததால் "ருபைதா" என்று எழுதினால் ஸுபைதாவைப் போல "ப" ஓசையில் வாசிக்கப்பட்டு வேரே மாறிவிடுகிறது. ஆய்த எழுத்தைச் சேர்த்து ருஃபைதா என்று எழுதுவதே பொருத்தம்.

ருவைதா என்பது வேறு பெயர். றா, வாவ், தால் என்ற வேரிலிருந்து வந்து மெதுவாக, நிதானமாக என்று பொருள்படுவது. ஸூரா தாரிக்கின் கடைசிச் சொல்லாக அது வருகிறது. அதுவும் நல்ல பெயர்தான். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆங்கிலத்தில்தான் சிக்கல் அதிகம். "தா" ஓசைக்குச் சிலர் வெறும் டி போடுகிறார்கள், சிலர் டி.எச். போடுகிறார்கள், இன்னும் சிலர் ரி.எச். போடுகிறார்கள். டி.எச். என்பது ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் ழாத் எழுத்துக்கும் பயன்படுவது. தாலின் இடத்தில் ழாத் வந்தால் "ரஃபழ", அதாவது நிராகரித்தான் என்ற வேராகிவிடும். தாங்குதல் என்ற பொருள் நிராகரித்தல் என்று தலைகீழாக மாறிவிடுகிறது. டி எழுத்தை மட்டும் போட்டால் இந்த ஐயம் வராது. அரபு தெரிந்த ஒருவர் பிற்காலத்தில் பிள்ளையின் கடவுச்சீட்டைப் பார்த்து அர்த்தம் கேட்கும் நாளில் இது உதவும்.

எது எப்படியானாலும் ஒரே எழுத்துமுறையை எல்லா இடத்திலும் பயன்படுத்துவது முக்கியம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், பாடசாலைப் பதிவில் ஒரு விதம், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதம் என்று இருந்தால், சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வருடத்தில்தான் வீட்டில் பதற்றம் தொடங்கும். கிராம உத்தியோகத்தரிடமும் பதிவாளரிடமும் சத்தியக் கடதாசியுடன் அலைந்த பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். நமது சமூகத்தில் பாத்திமா என்ற பெயரை முன்னால் சேர்த்துப் பின்னர் ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடும் வழக்கமும் உள்ளதால், முழுப் பெயர் எது, முதலெழுத்து எது என்பதிலும் தெளிவு வேண்டும். ஏழாம் நாள் அகீகாவுடன் பெயர் வைக்கிறோம். பிறப்பைப் பதிவதற்கு 42 நாட்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் அரபு தெரிந்த ஒரு மௌலவியிடம் பெயரை அரபு எழுத்தில் எழுதி வாங்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதப்போகிறோம் என்று தீர்மானித்து, ஒரு தாளில் குறித்துக்கொண்டு பதிவாளரிடம் போவது நல்லது.

பெயர் வேண்டும், வேலை வேண்டாமா?

சில வருடங்களுக்கு முன்னர் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்த ஒரு மாணவி இருந்தார். பெயர் ருஃபைதா. சிறு வயதில் அவருடைய வாப்பா, ஒரு பயானில் கேட்டுத்தான் மகளுக்கு இந்தப் பெயரை வைத்ததாகப் பெருமையோடு சொன்னவர். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரியபோது பிள்ளை விரும்பியது. வாப்பா என்னைத் தேடி வந்தார்.

"புள்ள படிக்கட்டும் டீச்சர், அது பிரச்சின இல்ல. ஆனா நர்ஸ் வேல என்டா நைட் டியூட்டி. ஊட்டுல உம்மா சம்மதிக்க மாட்டா. நாளைக்கு மாப்பிள்ள பேசி வாறவங்களும் ஒரு மாதிரிப் பார்ப்பாங்க."

அவருடைய கவலையை நான் சிரித்துத் தள்ளவில்லை. இரவுக் கடமை, உடை, விடுதியில் தங்குதல், தூர இடத்து நியமனம் எல்லாம் உண்மையான பிரச்சினைகள். ஒரு பிள்ளையைப் பெற்றவருக்கு அவை சின்ன விடயங்கள் அல்ல. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "காக்கா, மகளுக்கு இந்தப் பேர ஏன் வச்சீங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதத்தான் புள்ளயும் கேக்குது" என்றார்.

அதன் பிறகு அவர்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. தங்கள் ஊர் வைத்தியசாலையில் கடமையாற்றும் ஒரு முஸ்லிம் தாதியை வாப்பாவும் உம்மாவும் நேரில் சந்தித்து, இரவில் எப்படி வருகிறீர்கள், தொழுகைக்கு என்ன வசதி, உடைக்கு என்ன ஒழுங்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பயிற்சி மூன்று வருடம் என்பதும், தங்குவதற்கு விடுதி உண்டு என்பதும் தெரிய வந்தது. எல்லாவற்றுக்கும் மனம் நிறையும் பதில் கிடைத்துவிடவில்லை. ஆனால் பயந்ததில் பாதி கேள்விப்பட்ட கதை என்று விளங்கியது. அந்தப் பிள்ளை பயிற்சிக்குச் சேர்ந்தார். உம்மம்மா இன்னும் முணுமுணுப்பதாகக் கேள்வி.

நமது தாய்மாரும் சகோதரிகளும் பிரசவ விடுதியில் படுத்திருக்கும்போது, நமது பாசை பேசும், நமது வெட்கத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு தாதி வந்து நின்றால் எவ்வளவு ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு முஸ்லிம் தாதி இல்லையே என்று குறைப்படுகிறோம். அந்தத் தாதி யாருடைய வீட்டிலிருந்து வர வேண்டும்? சகோதர சமூகத்துப் பெண்கள் நமது பெண்களுக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்கிறார்கள். அவர்களுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இரவு இருக்கிறது.

ருஃபைதா என்று பெயர் வைத்த ஒவ்வொரு பிள்ளையும் தாதியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியையாகலாம், சட்டத்தரணியாகலாம், வீட்டைத் தாங்கும் தாயாகலாம். துணையாறு எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாலும் பெரிய ஆற்றுக்கு அது ராஃபித்தான். ஆனால் மகள் அந்த வேலையை விரும்பி வந்து நின்றால், அவளுடைய பெயருக்குச் சொந்தக்காரியின் கூடாரம் எங்கே இருந்தது என்பதை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். அது நபியவர்களின் பள்ளிவாசலில் இருந்தது.

பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோருக்கு என் ஆலோசனை இது. ருஃபைதா என்ற பெயரைத் தயக்கமின்றி வைக்கலாம். பொருள் துணை, கொடை. வேர் றா, ஃபா, தால். தமிழில் ஆய்த எழுத்துடன், ஆங்கிலத்தில் டி எழுத்துடன், எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பிள்ளை கேட்கும் வயது வந்ததும் அகழ்ப் போரையும் அந்தக் கூடாரத்தையும் பற்றி, உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடுங்கள். அந்தப் பெயரைச் சுமக்கும் நமது பெண் பிள்ளைகளைப் பிறருக்குத் துணை நிற்பவர்களாக வல்ல அல்லாஹ் ஆக்கி வைப்பானாக.